பொத்தான் கடைக்காரர் மகள்

விடுதி,
ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கைப்பேசி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. என்னிடம் கைப்பேசியே இல்லை என்று சொல்லியும் என் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் புத்தகங்கள். "இவ்வளவா?" என்று காப்பாளர் அம்மா பயந்துபோனார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சுற்றி வளைத்துக் கேட்டால் உனக்குப் புரிந்தாலும் புரியாத மாதிரி இருந்துவிடுவாய். அதனால் நேராகவே கேட்கிறேன்.

என் பக்கத்துக் கட்டில்காரிக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டில் படுத்தபடி கைப்பேசி பார்த்துவிட்டு நேற்றுதான் வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக, "ஒரு பட்டன் கடை வீடியோ வருதுடி, செம! அந்தக் கடைக்காரர் பொண்ணு ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பேர் வெச்சிருக்கு," என்றாள்.

"அது எங்க கடைதான்," என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப அது உன் அக்காவா?"

"பெரியப்பா பொண்ணு."

"போடி, 'எங்க அப்பா கடை'ன்னுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்குது."

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அப்போ நீ யாரு, கல்லாவுல உக்கார்ற பொண்ணா?" என்று ஒருத்தி கேட்டாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அழுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் விடுதிக்குக் கிளம்பிய வாரம்தான் நீ நம் வீட்டுக்கு வந்தாய். கடைக்கு ஒத்தாசையாக இருப்பாய் என்று அம்மா சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பெயர்களை வைத்தவள் நான். பெட்டிமேல் ஒட்டிய எண்ணைப் பார்த்துத் தேடினால் அப்பாவுக்கு எதுவும் கிடைக்காது. 'தலைமையாசிரியர் கண்' என்று சொன்னால் அந்தக் கறுப்பு உருண்டைப் பொத்தான் பெட்டிக்கு அவர் கை தானாகப் போகும். 'பாதித் தூக்கம்', 'மூக்கடைப்பு', 'அழுது முடித்த முகம்' எல்லாம் நான் வைத்தவை. அதைக்கூட விட்டுவிடுகிறேன். அப்பாவை எப்படி விடுவது? நீ எதற்காக அப்படிச் சொல்கிறாய்?

கோபமாக முடித்தால் நன்றாக இருக்காது என்பதால் இங்குள்ள சமாசாரம் ஒன்று. ஞாயிறு காலையில் நாங்கள் எல்லோரும் சீருடையில் அறுந்த பொத்தான்களைத் தைக்க உட்காருவோம். நாலு துளைப் பொத்தானைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்கிறவள் எதையும் சீக்கிரம் முடித்துவிட்டு வேடிக்கை பார்ப்பாள். இரண்டு கோடாகத் தைக்கிறவள் தலைமுடியைக்கூட நடுவகிடு பிசகாமல் வாருவாள். இரண்டு துளையில் மட்டும் நூலை ஓட்டிவிட்டு மற்ற இரண்டையும் சும்மா விடுகிறவளிடம் மட்டும் ரகசியம் சொல்லக் கூடாது. அவளுக்கு எல்லாமே பாதிதான் தங்கும்.

உடனே பதில் எழுது.

உன் தங்கை


கடை,
ஜூலை 9

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் காதில் பிரம்பு பட்ட மாதிரி இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்கிறேன், கேள்.

பெரிய துணிக்கடைகள் வந்த பிறகு சட்டை தைத்துப் போடுகிறவர்களே குறைந்துவிட்டார்கள். நான் வந்த புதிதில் மத்தியானம் முழுக்கச் சித்தப்பா பெட்டிகளைத் தூசி தட்டுவார். தட்டியதையே திரும்பத் தட்டுவார். அப்போதுதான் இந்தத் தெருக் கடைகளுக்கெல்லாம் சமூக வலைத்தளப் பக்கம் நடத்தித்தரும் ஆலோசகர் ஒருவர் வந்தார். வயது என்னவோ இருபத்தைந்துதான் இருக்கும். வெயில் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, கடைக்குள்ளும் அதைக் கழற்றாமல் பேசுவார். அவர் வாயில் வரும் ஒரே சொல் 'கதை'. "சார், ஜனங்க பட்டன் வாங்க மாட்டாங்க. ஒரு குடும்பத்தோட கதையைத்தான் வாங்குவாங்க."

"கதைய எந்தப் பெட்டியில சார் வெக்கிறது?" என்று சித்தப்பா கேட்டார்.

நான் முதலில் 'எங்க சித்தப்பா கடை' என்றுதான் சொன்னேன். ஆலோசகர் நிறுத்திவிட்டார். "சித்தப்பா கடைன்னா சம்பளத்துக்கு நிக்கிற பொண்ணு மாதிரி இருக்கும்மா. அப்பா கடைன்னு சொல்லு, அப்பதான் ஒட்டும்." நான் சித்தப்பாவைப் பார்த்தேன். "சொல்லிட்டுப் போம்மா, நீயும் நம்ம பொண்ணுதானே," என்றார். அவ்வளவுதான் நடந்தது. வேண்டுமானால் ஒருநாள் வந்து எங்கள் எல்லோரையும் முட்டி போட வை.

இப்போது கடையைப் பார்த்தால் உனக்கே நம்ப முடியாது. துணியை எடுத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வெளியூர்க்காரர்கள் 'மூக்கடைப்பு' இருக்கிறதா என்று எழுதிக் கேட்கிறார்கள். சித்தப்பா அதை ஒவ்வொரு பெட்டியாகக் கட்டி அனுப்புகிறார். இனி எந்தச் சரக்கை வாங்குவது என்பதையும் வீடியோவுக்கு வரும் கருத்துகளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

நீ எழுதிய பொத்தான் தைக்கும் கதையைச் சாப்பிடும்போது வாசித்துக் காட்டினேன். சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது. இன்னும் அதுபோல் எழுது. நிறைய எழுது.

அக்கா


விடுதி,
ஜூலை 23

என் பிரியமான, மிகவும் பிரியமான அக்காவுக்கு,

போன ஞாயிறு பெற்றோர் வரும் நாள். நம் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. கடையில் கூட்டம் என்று காப்பாளர் அம்மாவிடம் அப்பா தொலைபேசியில் சொன்னாராம். நல்ல செய்திதான். பக்கத்துக் கட்டில்காரியின் அம்மா பாவம் பார்த்துத் தன் கைப்பேசியில் உன் வீடியோவைக் காட்டினார்.

முதல்முறையாகப் பார்த்தேன். நன்றாகப் பேசுகிறாய். பொத்தான் தைக்கிற விதத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம் என்றாய். 'சும்மா உக்காந்திருந்தப்ப தோணுச்சு' என்றாய். எனக்கும் ஒருமுறை அதேபோல் தோன்றியது. ரகசியம் பாதிதான் தங்கும் என்பதுவரை, ஒரு சொல் மாறாமல். உலகம் எவ்வளவு சின்னது பார்.

கடைசியில் அப்பா உன் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். அந்தத் தட்டு எனக்குத் தெரியும். நான் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினால் மட்டும் விழும். கணக்கு எனக்குச் சரியாக வராது என்பதால் அதிகம் விழுந்ததில்லை. கட்டில்காரியின் அம்மா, "அப்பாவுக்குப் பொண்ணு மேல எவ்ளோ பாசம் பாரு," என்றார். ஆமாம் ஆன்ட்டி என்றேன்.

எனக்குக் கோபம் எதுவும் இல்லை. என் வரிகள் நம் கடைக்குத்தானே பயன்பட்டன? நீ நிறைய எழுதச் சொன்னாய். அதனால் உன் வீடியோவுக்காகவே ஒரு குறிப்பு அனுப்புகிறேன். அறிவியல் வகுப்பில் படித்தது. சிப்பியில் செய்த பழைய பொத்தான்கள் மங்கிப்போனால் அவற்றை எலுமிச்சைச் சாற்றில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் புதிதுபோல் மின்னும். பாட்டி காலத்துச் சட்டைகளில் எல்லாம் சிப்பிப் பொத்தான்தானே இருக்கும்? எல்லோரும் விரும்பிப் பார்ப்பார்கள். இதையும் சும்மா உட்கார்ந்திருந்தபோது தோன்றியதாகவே சொல்லிக்கொள். அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை. அவருக்கு இப்போது எவ்வளவு வேலை!

அன்புத் தங்கை


கடை,
ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

எலுமிச்சை வீடியோவை நீ எழுதியபடியே போட்டேன். சித்தப்பா சரக்கெடுக்க வெளியூர் போயிருந்தார். இதுவரை போட்டதிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள், அதிகம் பேர் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். ஆலோசகர் கடை வாசலில் நின்று குதித்தார். மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு அம்மா தன் கல்யாண உடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிலிருந்த சிப்பிப் பொத்தான்களைத் தொட்டுப் பார்த்தேன். பூச்சி அரித்த மாதிரி சொரசொரவென்று இருந்தன. ஒன்று என் விரலிலேயே உடைந்துவிட்டது. நாடகத்துக்கு உடை தைக்கிற தையல்காரர் ஒருவர் ஒரு பழைய கோட்டை மேஜைமேல் வீசினார். "கடைக்காரர் பொண்ணுக்கே பட்டன் பத்தித் தெரியலன்னா அந்தக் கடை எதுக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இப்போது எங்கள் பக்கத்தில் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சித்தப்பா திரும்பி வந்து, வந்து குவிந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யாரும்மா இதச் சொன்னது?" என்றார்.

"எனக்கே தோணுச்சு சித்தப்பா," என்றேன்.

உன்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னேன் என்று நினைத்துவிடாதே. உன் வரிகளை என் வரிகளாகச் சொல்லியே பழகிவிட்டேன். திடீரென்று 'இது அவள் எழுதியது' என்று சொல்ல வாய் வரவில்லை. சித்தி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நல்ல பெயர் வந்தபோது மட்டும் இவள் மகளா என்று நினைக்கிறார் போலிருக்கிறது. நினைத்தால் தப்பும் இல்லை.

ஆலோசகர் புதிதாக ஒரு யோசனை சொல்கிறார். நான் கேமரா முன்னால் உட்கார்ந்து அழ வேண்டுமாம். "பொண்ணு அழுதா ஜனங்க மன்னிச்சிடுவாங்க. அப்பா வந்து கண்ணத் துடைக்கணும். அதுதான் கதை." சித்தப்பா இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எப்படியானாலும் இந்த மாதக் கடைசியில் அம்மாவிடம் திரும்பிப் போகலாம் என்று துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன். என் அப்பா செத்தபோது நான் கைக்குழந்தை. 'அப்பா' என்று யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கேமரா முன்னால் முதல்நாள் அதைச் சொல்ல முடியாமல் திரும்பத் திரும்ப எடுத்தோம். வந்துவிட்ட பிறகு நிறுத்த மனசு வரவில்லை. ஆனால் இந்தக் கடையில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் சித்தப்பா, "இது அவ வெச்ச பேரு," என்கிறார். கடையில் நின்றவள் நான், நிறைந்திருந்தவள் நீ. உன்னைப் போல எழுத வருமா என்று எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்தேன். 'செல்லக்குட்டி' என்று ஒரு பொத்தானுக்குப் பெயர் வைத்தேன். எனக்கே சிரிப்பாக இருந்தது. அதனால்தான் உன் வரிகளை எடுத்தேன்.

நீ பாடத்தைத் தப்பாகப் படித்துவிட்டாய் போலிருக்கிறது. பரவாயில்லை. சின்னப்பெண்தானே. பரீட்சையில் அப்படி எழுதிவிடாதே.

அக்கா


விடுதி,
ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

நான் பாடத்தைச் சரியாகத்தான் படித்தேன். சரியாகப் படித்துவிட்டுத் தப்பாக எழுதினேன்.

எங்கள் அறிவியல் ஆசிரியை ஒரு சிப்பித் துண்டை வினிகரில் போட்டுக் காட்டினார். அதிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. சிப்பியும் சுண்ணாம்பும் ஒரே இனம், புளிப்பு பட்டால் கரையும் என்றார். எலுமிச்சையிலும் கரையுமா என்று நான்தான் எழுந்து கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டினார். அன்று மாலையே உனக்கு எழுதினேன்.

உன்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். பார்க்கிறவர்கள் உண்மையிலேயே தங்கள் சட்டையைக் கொண்டுபோய்ச் சாற்றில் போடுவார்கள் என்று நினைக்கவில்லை. இதை எழுதிவிட்டு யோசிக்கிறேன். அதற்காகத்தானே உன் வீடியோக்களை எல்லோரும் பார்க்கிறார்கள்? நீ சொன்னால் நம்புகிறார்கள். அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதனால் 'நினைக்கவில்லை' என்ற வரியை நீ நம்ப வேண்டாம். அடித்துவிட்டு எழுதலாம் என்றால் மைக்கறை தெரியும்.

பெரியப்பா இல்லை என்பது எனக்கு எப்போதும் தெரிந்த விஷயம்தான். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாடி இருக்கிறது என்று தெரிவதுபோல. அதைத் தாண்டி நான் யோசித்ததே இல்லை.

நீ அழக் கூடாது. நீ வீட்டைவிட்டுப் போகவும் கூடாது. நடந்ததையெல்லாம் அப்பாவுக்கே தனியாக எழுதி இதே தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல முடியாதபடி உறையின்மேல் 'அப்பா மட்டும்' என்று எழுதிவிட்டேன். எழுதும்போதுகூட அந்தச் சொல்லை எல்லா வரியிலும் போட்டேன். அப்பா, இது நடந்தது அப்பா, நான்தான் அப்பா என்று. வாசித்துப் பார்த்தால் உன்னிடம் இல்லாததை உன் கண்முன் ஆட்டிக்காட்டுவது போலிருந்தது. ஆனாலும் ஒன்றையும் எடுக்கவில்லை.

எனக்கு உன்மேல் இன்னும் பொறாமைதான். இல்லை என்று எழுதினால் அது இன்னொரு எலுமிச்சைச் சாறு ஆகிவிடும்.

தங்கை


கடை,
ஆகஸ்ட் 30

உனக்கு,

என்ன கூப்பிட்டு எழுதுவது என்று தெரியவில்லை. உன்மேல் கோபம் இருக்கிறது. அது போகும்போது சொல்கிறேன்.

சித்தப்பா உன் கடிதத்தைக் கடையிலேயே நின்றபடி வாசித்தார். வாசித்து முடித்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அப்போது ஒரு வாடிக்கையாளர் நீல நிறத் துணி ஒன்றைக் காட்டினார். சித்தப்பா அதற்குச் சிவப்புப் பொத்தானை எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்தக் கடையில் அப்படி நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் ஆலோசகர் விளக்கெல்லாம் மாட்டினார். என்னை அழவைக்கத் தயாராகக் கைக்குட்டையோடு வந்திருந்தார். சித்தப்பா நாற்காலியை இழுத்துத் தானே அதில் உட்கார்ந்தார். "ஓட்டுய்யா," என்றார். "சார், பொண்ணு எங்க?" என்று அவர் கேட்டார். "அதத்தான் சொல்லப் போறேன்."

அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குப் பேச வராது. எலுமிச்சம்பழம்னு சொன்னது தப்பு. சிப்பி பட்டன அது அரிச்சிடும். இத்தன நாள் உங்ககிட்டப் பேசுன பொண்ணு என் அண்ணன் பொண்ணு. என் பொண்ணுன்னு சொல்லச் சொன்னது நாங்கதான், அவ மேல தப்பில்ல. பட்டனுக்குப் பேரு வெச்சது என் பொண்ணு. ஹாஸ்டல்ல படிக்குது. இந்த எலுமிச்சம்பழ வேலையச் செஞ்சதும் அவதான், தெரிஞ்சே செஞ்சா. கெட்டிக்காரி. யார் யார் பட்டன் கெட்டுப்போச்சோ கொண்டாங்க, எங்கிட்டப் பழைய சிப்பி பட்டன் இருக்கு. பொருந்தறதப் பாத்து நானே தெச்சுத் தரேன்."

ஆலோசகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், கதையே போச்சு சார்!"

"போனா போகுது. நாளைக்குக் காலைல கடையத் தொறக்கணும், நகரு," என்றார் சித்தப்பா.

பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்களில் பலர் ஏமாற்றிவிட்டோம் என்று திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் சட்டையோடும் கோட்டோடும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சித்தப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தைக்கிறார். சித்தி நூல் கோத்துத் தருகிறார். நான் எடுத்து வைத்த துணிப்பையைச் சித்தி பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டார். "வேலை கெடக்கு, எங்க போற?" என்றார்.

இது உனக்கு நான் எழுத நினைக்காத பகுதி. அவர் 'என் பொண்ணு' என்று கேமராவைப் பார்த்துச் சொன்னபோது நான் அதன் பின்னால் நின்றேன். ஊருக்கே கேட்கும்படி உன் தப்பைச் சொல்கிறார், கூடவே கெட்டிக்காரி என்கிறார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து தானாக வந்தது. என்னைப் பற்றிச் சொன்னது எல்லாம் நியாயமாக இருந்தது. 'அவ மேல தப்பில்ல.' நீ இத்தனை செய்தும் உனக்குக் கிடைத்ததில் கால்வாசிகூட அந்த நியாயத்தில் இல்லை. அன்று உன்மேல் வந்த பொறாமை இதுவரை யார்மேலும் வந்ததில்லை.

அக்கா


விடுதி,
செப்டம்பர் 6

அக்காவுக்கு,

இன்று பெற்றோர் நாள். மறுபடியும் நம் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் வந்த அம்மாக்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் அப்பா இருந்தார். "நீதானா அந்தப் பட்டன் கடைக்காரர் பொண்ணு?" என்று கேட்டார்கள். நான் ஆசைப்பட்ட கேள்வி. ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கூடத்திலிருந்து வெளியே வந்துவிட்டேன். ஒரு அம்மா தன் மகளிடம், "அவகிட்டப் பாத்துப் பழகு," என்பது காதில் விழுந்தது.

நீ பொறாமைப்பட்டதாக எழுதியிருந்ததை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி எழுதக் கூடாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். 'கெட்டிக்காரி' என்ற இடத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அக்கா, அப்பா எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. என் கடிதத்துக்குப் பதிலாக அந்த வீடியோவில் ஊரோடு பேசிவிட்டார், என்னோடு பேசவில்லை. கூடத்தில் அதைப் பார்க்கச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. சுற்றி நிற்கிறவர்கள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் கோபமாகச் சொன்னாரா, குரல் உடைந்ததா, 'கெட்டிக்காரி' என்றபோது சிரித்தாரா, எனக்கு எதுவும் தெரியாது. உனக்குத் தெரியும். நீ பக்கத்திலேயே நிற்கிறாய். தினமும் அவர் பக்கத்தில் நிற்கிறாய்.

விடுமுறைக்கு வந்ததும் நானும் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறேன். திட்டுகிறவர்கள் நேராக என்னையே திட்டட்டும். அதுவரை எனக்காக ஒன்று செய். அவர் காலையில் கடையைத் திறக்கும்போது என்ன சொல்கிறார், சாப்பிடும்போது என்ன பேசுகிறார், என்னைப் பற்றிக் கேட்கிறாரா, கேட்காவிட்டால் அதையும் எழுது. உன்னோடு சிரித்தால் அதையும் மறைக்காமல் எழுது. எனக்கு எரியும். பரவாயில்லை, எழுது.

தங்கை